‘இங்கே எதுவும் இல்லை’ என்று எழுதும் முன்: சுரங்கம் வரப்போகும் நிலத்தில் காட்டுயிர் பார்ப்பது எப்படி

மதுரை மாவட்டத்தில் மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி, மதுரை கிழக்கு வட்டத்து மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த 193.215 ஹெக்டேர் நிலத்தை 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அதுவே முதல் தலம். ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், ஏறத்தாழ 250 பறவை இனங்கள் என்று அரசே கணக்குச் சொன்னது. லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராஜாளி என மூன்று வேட்டைப் பறவைகளின் பெயரும், அழுங்கு (செதில் போர்த்த எறும்புதின்னி), தேவாங்கு, மலைப்பாம்பு ஆகியவற்றின் பெயரும் அந்த அறிவிப்போடு வந்தன. இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், அந்தத் தலத்தையும் உள்ளே வைத்து 2,015 ஹெக்டேர் பரப்புள்ள நாயக்கர்பட்டி டங்ஸ்டன் உலோகத் தாதுத் தொகுதி சுரங்கத்துக்காக ஏலம் போனது. சுற்றுவட்டார ஊர்களெல்லாம் திரண்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

அரிட்டாபட்டிக்குக் கைகொடுத்தவற்றில் ஒன்று, ஏலத்துக்கு வெகுமுன்பே அங்கே யாரோ நடந்து, பார்த்து, எழுதி வைத்திருந்த பட்டியல். உங்கள் ஊர்க் கரட்டுக்கு, அதாவது சிறு பாறைக் குன்றுக்கு, அப்படி ஒரு பட்டியல் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. நாளைக்கே ஒரு சுரங்கத் திட்டம் வந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் மாணவர்களுக்காகவும் ஊர் இளைஞர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அரிட்டாபட்டியையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். அங்குள்ள பாறை, கண்மாய், சுனை மூன்றும் தென்மாவட்டத்துக் கரடுகள் பலவற்றுக்கும் பொது.

நீங்கள் செய்யப்போகும் வேலை உயிரினங்களின் பெயரை அடுக்குவதோடு முடியாது. அந்த உயிர் வருடம் முழுக்க என்ன செய்கிறது என்று தெரியவேண்டும். சுரங்கம் வருடம் முழுக்க என்ன செய்யும் என்றும் தெரியவேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எங்கே முட்டுகிறது என்பது தெரியும். மதிப்பீடு என்பது அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

முதலில் சுரங்கத்தைப் படியுங்கள்

விலங்கைத் தேடிக் கிளம்பும் முன் திட்டத்தைப் படிக்க வேண்டும். ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பம், வரைபடம், எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று சொல்லும் ஆய்வு வரையறை எல்லாம் கிடைக்கும். ஏலத் தொகுதியின் பரப்பு வேறு, குத்தகைப் பரப்பு வேறு, உண்மையில் தோண்டப்போகும் குழியின் பரப்பு வேறு. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் உங்கள் முதல் வாக்கியத்திலேயே மடக்கிவிடுவார்கள்.

குழிக்கு வெளியே என்னென்ன வரும் என்று குறித்துக்கொள்ளுங்கள்: கழிவு மண் கொட்டும் மேடு, கிரஷர், தாது பிரிக்கும் ஆலை, கழிவுக் குழம்பு தேங்கும் குட்டை, டிப்பர் லாரி ஓடும் பாதை, வெடிமருந்துக் கிடங்கு, இரவு விளக்குகள். டங்ஸ்டனில் இது இன்னும் முக்கியம். பெரும்பாலான சுரங்கங்களில் தாதுப் பாறையில் டங்ஸ்டன் ஆக்சைடு ஒரு சதவீதத்துக்கும் கீழேதான் இருக்கும். நூறு டன் உடைத்தால் தொண்ணூற்றொன்பது டன்னுக்கு மேல் எங்காவது கொட்டியாக வேண்டும். அந்த ‘எங்காவது’ எது என்பதே உங்கள் முதல் கேள்வி.

நாயக்கர்பட்டியில் ஏலம் போனது கூட்டு உரிமம். முதலில் ஆய்வு, தாது உறுதியானால் பிறகு சுரங்கம். ‘இப்போதைக்கு ஆய்வுதானே’ என்பார்கள். துளைபோடும் இயந்திரத்தை மலைமேல் ஏற்றப் பாதை போட வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும், இரைச்சல் வரும். ஆய்வுக் கட்டத்தின் பாதிப்பைத் தனியாக எழுதுங்கள்.

வட்டம் போடாதீர்கள், தண்ணீரைப் பின்தொடருங்கள்

சுரங்க நிறுவனம் தயாரித்துக் கொடுக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளில் குத்தகைப் பகுதியை மையமாக வைத்துப் பத்து கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். நீங்களும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், அவர்களுடைய கணக்கோடு ஒப்பிட உதவும். ஆனால் தண்ணீருக்கு வட்டம் தெரியாது. குன்றில் விழுந்த மழை எந்த ஓடையில் இறங்கி, எந்த வரத்துக்கால் வழியாக எந்தக் கண்மாய்க்குப் போகிறது, அது நிரம்பிக் கலுங்கு பாய்ந்தால் அடுத்தது எது என்று சங்கிலியாக வரையுங்கள். ஊரில் மடை திறக்கிறவரைக் கேட்டால் அரைமணி நேரத்தில் மண்ணில் குச்சியால் வரைந்து காட்டிவிடுவார். அதைப் படமெடுத்து, பிறகு செயற்கைக்கோள் படத்தின் மேல் ஏற்றுங்கள்.

சுனைகளுக்குத் தனி ஏடு போடுங்கள். சுனை ஒவ்வொன்றுக்கும் எண், இடம், எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கிறது, யார் யார் குடிக்க வருகிறார்கள். சித்திரை, வைகாசியில் கண்மாய் வெடித்துக் கிடக்கும்போது பாறையிடுக்கில் கைப்பிடி அளவு தண்ணீர் நிற்கும் சுனையே தேனீக்கும் கீரிக்கும் கவுதாரிக்கும் உயிர். சுரங்கக் குழி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனால் ஊறும் நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருப்பார்கள். சுற்றிலும் நீர்மட்டம் குழியை நோக்கிச் சரியும். முதலில் வற்றுவது மேலே இருக்கும் ஊற்றுகள்தான். குழி ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாலும் சுனை வற்றலாம் என்பதை வட்டம் சொல்லாது, தண்ணீர்ப் படம் சொல்லும்.

ஆடு மேய்ப்பவர் பக்கத்தில் உட்காருங்கள்

பறவை எண்ணப் போய் வந்து கொண்டிருந்த காலத்தில், கல் குவாரிக்குக் கேட்டிருந்த ஒரு கரட்டில் மூன்று நாள் சுற்றினேன். பாதையோரத்தில் ஒரு பொந்து. உடும்பு வங்கு (வளை) என்று ஏட்டில் எழுதிவிட்டேன். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு அக்கா நின்று பார்த்துவிட்டு, “தம்பி, அது உடும்பு இல்ல, அலுங்கு. மண்ணப் பாருங்க” என்றார். குனிந்து பார்த்தேன். வாசல் ஒரு சாண் அகலத்துக்கு மேல். வெளியே தள்ளிய மண் விசிறிபோலப் பரந்திருந்தது. வாசலின் பக்கவாட்டில் ஆழமான மூன்று நகக்கீறல்கள். இருபதடி தள்ளி ஒரு கறையான் புற்று ஒரு பக்கம் மட்டும் பெயர்க்கப்பட்டுக் கிடந்தது, உடைந்த இடத்தில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. அவர் நாலைந்து வருடமாக அந்த ஓரத்தில் ஆடு ஓட்டுகிறார். அந்தக் குவாரிக்காகத் தயாரான அறிக்கையைப் பிறகு படித்தேன். அழுங்கு என்ற சொல்லே அதில் இல்லை. கள ஆய்வு மே மாதத்தில், பகலில் மட்டும் நடந்திருந்தது. அழுங்கு இரவில் வெளியே வருகிற விலங்கு.

அதனால் மேய்ப்பவர், தேன் எடுப்பவர், விறகுக்குப் போகிறவர், இரவில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் ஆகியோரோடு முதல் வாரத்தைக் கழியுங்கள். “இங்கே தேவாங்கு இருக்கா?” என்று கேட்டால் உங்கள் முகத்துக்காகவே ஆமாம் என்று சொல்லக்கூடும். “ராத்திரியில் மரத்துல கண்ணு மினுங்குற மாதிரி ஏதாச்சும் பாத்திருக்கீங்களா? எந்த மரம்? போன மழைக்கு முன்னாடியா பின்னாடியா?” என்று கேளுங்கள். அந்தப் பக்கத்தில் இல்லாத ஒரு விலங்கின் படத்தையும் கலந்து காட்டினால் எது பார்த்துச் சொல்வது, எது கேட்டுச் சொல்வது என்று பிரிந்துவிடும். சொன்னவர் பெயரை அவர் சம்மதம் இல்லாமல் எழுதாதீர்கள்.

அழுங்கு வங்கு, தேவாங்கு தங்கும் மரம், வல்லூறு கூடு ஆகியவற்றின் துல்லியமான இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. செதிலுக்காக அழுங்கைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் ஏற்றினால் இடத்தை மறைத்து ஏற்றுங்கள். துல்லியமான குறிப்பு வனத்துறைக்குக் கொடுக்கும் நகலில் மட்டும் இருக்கட்டும்.

களத்தில் இறங்குவது

காப்புக்காட்டில் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். பட்டா நிலமென்றால் உரிமையாளரிடம் கேளுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி விலங்கைப் பிடிப்பதும் முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் குற்றம். ‘ஆய்வுக்காக’ என்பது தப்பிக்கும் வழி ஆகாது. கண்ணால் பாருங்கள், காதால் கேளுங்கள், எழுதுங்கள். அது போதும்.

எப்போது போவது என்பதற்கு ஒரு சுருக்கமான பதில்: ஒரு வருடம் முழுக்க. அவ்வளவு நேரம் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். குறைந்தது மூன்று தடவை போங்கள். சித்திரை வெயிலில் ஒன்று, ஐப்பசி மழை பிடித்த பிறகு ஒன்று, மார்கழியிலிருந்து மாசிக்குள் ஒன்று. சுரங்கங்களுக்கான பொதுவான ஆய்வு வரையறையில் மழையில்லாத ஏதாவது ஒரு பருவத்துத் தரவு போதும் என்று இருக்கிறது. அந்தப் பருவங்களில் ஒன்றாக அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தை ‘மழைக்குப் பிந்தைய காலம்’ என்று குறிப்பிடுகிறார்கள். வடநாட்டுக்கு அது சரி. மதுரைக்கு அதுதான் வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலம். அறிக்கையில் எந்த மாதம் என்று முதலில் பாருங்கள். இந்த ஒரு விஷயமே பல கேள்விகளைத் திறக்கும்.

பறவைகளுக்கு: குறைந்தது பதினைந்து இடங்களை ஒன்றுக்கொன்று கால் கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தில் முன்கூட்டியே வரைபடத்தில் தேர்ந்தெடுங்கள். நல்ல பறவை தெரிகிற இடமாகப் பார்த்துப் பொறுக்காதீர்கள். பாறை, வயல், கண்மாய்க் கரை, புதர் எல்லாம் இருக்கட்டும். விடிந்ததும் ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணுங்கள். ஒன்றுமே தெரியாத இடத்துக்கும் ‘பூஜ்யம்’ என்று எழுத வேண்டும். அந்தப் பூஜ்யம் இல்லாத ஏட்டை யாரும் நம்ப மாட்டார்கள்.

வேட்டைப் பறவைகளுக்குத் தனிப் பொறுமை வேண்டும். மார்கழி தொடங்கிப் பங்குனி வரை பாறை முகடுகளைத் தூரத்திலிருந்து பாருங்கள். முகட்டுக்குக் கீழே வெள்ளைச் சுண்ணாம்பு ஊற்றியதுபோல எச்சக் கோடு இறங்கியிருந்தால் அங்கே ஏதோ ஒன்று தினமும் உட்காருகிறது. அரைக் கிலோமீட்டர் தள்ளி, தொலைநோக்கியோடு, அசையாமல் நாலு மணி நேரம். பறவை உங்கள் தலைக்குமேல் கத்திக்கொண்டு சுற்றினால் நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள், உடனே இறங்கிவிடுங்கள். இரை எதைக் கொண்டுவருகிறது என்பதையும் குறியுங்கள். ஷாகீன் பெரும்பாலும் பறக்கும் பறவையையே பிடிக்கும். ராஜாளிக்கு முயலும் கவுதாரியும் வேண்டும். கூடு இருக்கும் பாறையைத் தொடாமல் விட்டாலும் முயல் மேயும் புல்வெளியின் மேல் கழிவு மண்ணைக் கொட்டினால் ராஜாளி எதைப் பிடிக்கும்?

தேவாங்குக்கு இரவு நடை. சிவப்புத் தாள் ஒட்டிய தலைவிளக்கோடு மணிக்கு ஒரு கிலோமீட்டர் என்று மெதுவாக நடந்தால் கிளைகளுக்கு நடுவே இரண்டு செம்புள்ளிகள் மினுங்கும். மரத்தோடு மரம் கிளை கோத்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். அது தரையில் இறங்கிக் கடக்கத் தயங்கும் விலங்கு. இருபது அடி அகலத்துக்கு ஒரு லாரிப் பாதை வெட்டினால் இரண்டு பக்கத்துத் தேவாங்குகளும் பிரிந்துபோகும். மழைக்குப் பிந்தைய முதல் இரவுகளில் பாதையோரம் தவளைக்கும் பாம்புக்கும் ஒரு நடை போங்கள்.

இனி ‘இல்லை’ என்ற சொல்லைப் பற்றி. ஒரு விலங்கு அந்த இடத்தில் உண்மையிலேயே இருக்கிறது என்றும், ஒரு இரவு தேடினால் அதைப் பார்க்கப் பத்தில் ஒரு வாய்ப்பு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இரவு தேடியும் பார்க்காமல் போகும் வாய்ப்பு 73 சதவீதம். பத்து இரவு தேடினால் 35 சதவீதம். முப்பது இரவு தேடினால்தான் 4 சதவீதத்துக்கு இறங்குகிறது. மூன்று நாள் சுற்றிவிட்டு ‘அழுங்கு இல்லை’ என்று எழுதும் அறிக்கை உண்மையில் சொல்வது ‘நாங்கள் பார்க்கவில்லை’ என்பதை மட்டுமே. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எத்தனை இரவு, எத்தனை பேர், எந்த மாதம் என்று கேளுங்கள். இதே அளவுகோல் உங்களுக்கும் உண்டு. நீங்கள் பார்த்ததைப் பார்த்தது என்றும், தடம் மட்டும் கிடைத்ததைத் தடம் என்றும், ஊரார் சொன்னதைச் சொன்னது என்றும் மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுங்கள்.

இன்னொன்று: சுரங்கம் வராத, அதே மாதிரிப் பாறையும் கண்மாயும் உள்ள வேறொரு கரட்டையும் அதே நாட்களில் அதே முறையில் எண்ணுங்கள். பின்னால் பறவை குறைந்தால் அது மழை பொய்த்ததாலா, வெடியாலா என்று பிரித்துச் சொல்ல அந்தக் கரடு ஒன்றே சாட்சி.

இரண்டையும் பக்கத்தில் வைத்தல்

ஒரு பெரிய தாளில் இடப்பக்கம் சுரங்கத்தின் வேலைகளை எழுதுங்கள். மேலே பன்னிரண்டு மாதம். ஒவ்வொரு உயிருக்கும் ஒரு நிறம் எடுத்துக்கொண்டு, அது கூடுகட்டும் மாதம், குட்டி போடும் மாதம், தண்ணீருக்கு அலையும் மாதம், இரவில் நடமாடும் பாதை எல்லாவற்றையும் தீட்டுங்கள். நிறம் எங்கே குவிகிறதோ அங்கே கவனம் வையுங்கள்.

பிறகு ஒவ்வொரு பாதிப்பையும் ஒரு சங்கிலியாக எழுதிப் பாருங்கள். வெடி, அதிர்வு, மாசி மாதம், அடைகாக்கும் ராஜாளி எழுந்து பறக்கிறது, வெயிலில் முட்டை, அந்த வருடம் குஞ்சு இல்லை. இரவு விளக்கு, விட்டில்கள் விளக்கடியில் குவிகின்றன, இருட்டில் பூச்சி தேடும் தேவாங்குக்கு இரை குறைகிறது. கிரஷர் இரைச்சல், எலி சருகில் ஓடும் சத்தம் கேட்டு வேட்டையாடும் ஆந்தைக்குக் காது மறைகிறது. தாதுவோடு கந்தகக் கனிமம் இருந்தால் கழிவு மேட்டில் பட்ட மழைநீர் அமிலமாகிக் கண்மாயில் இறங்கும். கழிவுக் குட்டையை வலசை வாத்துகள் ஏரி என்று நினைத்து இறங்கும். சங்கிலியில் எந்தக் கண்ணி உங்களுக்கு நேரில் தெரியும், எது ஊகம் என்று ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதுங்கள். ஊகத்தை ஊகம் என்று எழுதினால் அறிக்கையின் பலம் கூடும்.

அடுத்து நான்கு கேள்விகள். எவ்வளவு இடம்? எத்தனை வருடம்? மீளுமா? வேறு போக்கிடம் உண்டா? அழுங்கு பெரும்பாலும் ஒரு ஈற்றில் ஒரே குட்டி போடும். பத்து அழுங்கு செத்தால் அந்தக் கரடு மீண்டும் நிரம்பப் பல வருடம் ஆகும். மைனாவுக்கு அப்படியில்லை. இரண்டையும் ‘மிதமான பாதிப்பு’ என்று ஒரே கட்டத்தில் போடும் அட்டவணையை ஏற்காதீர்கள். பக்கத்தில் ஏற்கெனவே ஓடும் குவாரிகளையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இதுவரை பிழைத்த உயிர், இன்னொன்று வந்தால் பிழைக்குமா என்பதே கேள்வி.

‘சரிசெய்துவிடுவோம்’ என்பதை எடைபோடுதல்

முதலில் விலக முடியுமா என்று பார்க்க வேண்டும், முடியாததைக் குறைக்க வேண்டும், மிஞ்சியதைச் சீராக்க வேண்டும், கடைசியில்தான் ஈடு. அறிக்கைகள் பெரும்பாலும் கடைசியிலிருந்து தொடங்கும். பல்லாயிரம் மரக்கன்று நடுவோம் என்பார்கள். வெட்டவெளிப் பாறையில் கூடு வைக்கும் வல்லூறுக்குக் கன்று எதற்கு? இருபது கோடி ரூபாய் கொடுத்தாலும் ஒரு பாறை முகட்டை இன்னொரு இடத்தில் கட்ட முடியாது. விலங்குகளைப் பிடித்து வேறிடத்தில் விடுவோம் என்றால், அந்த வேறிடம் எது, அங்கே ஏற்கெனவே இருப்பவை எத்தனை என்று கேளுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இருந்தால் அதற்கென்று தனிப் பாதுகாப்புத் திட்டமும் பணஒதுக்கீடும் வனத்துறையோடு கலந்து தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும். அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு, மயில் எல்லாம் அந்த அட்டவணையில் இருப்பவை. மயில் இல்லாத கரடு தென்மாவட்டத்தில் எங்கே இருக்கிறது? ஆக, அந்தத் திட்டத்தைக் கேட்க உங்களுக்கு ஏறக்குறைய எப்போதும் காரணம் உண்டு.

எங்கே, எப்படிக் கொடுப்பது

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே பத்திரிகையில் அறிவிக்க வேண்டும். நடத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தலைமை மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் அனுப்பும் அதிகாரி. வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும், சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். கூட்டம் முழுதும் காணொளியாகப் பதிவாகும். பேசுவதோடு நிறுத்தாமல் எழுத்தாகக் கொடுத்து முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். இறுதி அறிக்கையில் ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனால் 2025 செப்டம்பரில் அமைச்சகம் போட்ட உத்தரவு அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் இந்தக் கூட்டத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. டங்ஸ்டன் முக்கியக் கனிமங்களின் பட்டியலில் இருக்கிறது. எனவே, அறிவிப்பு வரட்டும், பிறகு எண்ணிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் அந்த அறிவிப்பே வராமல் போகலாம். ஊரில் உள்ள உயிரினங்களைப் பதிந்துவைக்கும் ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை இப்போதே எடுத்துப் பாருங்கள். பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் அதற்கென்று ஒரு குழு இருக்க வேண்டும். பதிவேட்டில் உங்கள் கரட்டின் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது, சுனைகள் வந்திருக்கின்றனவா, இரவில் நடமாடுபவை வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். விடுபட்டதைத் தேதியோடும் படத்தோடும் எழுதி, கிராமசபையில் வைத்து, பதிவேட்டில் ஏற்றச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். அடுத்த கிராமசபைக்கு இன்னும் எத்தனை நாள் என்று ஊராட்சிச் செயலரிடம் கேட்டுவிட்டு, அதற்குள் முதல் இரவு நடைக்கு ஒரு தேதி குறியுங்கள்.